நன்றி பாராட்டுவது வாயை மூடிக்கொள்வதற்கு அல்ல

கேள்வி: எனக்கு 47 வயதாகிறது. மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மாமியார் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் பொறுப்பு. கொஞ்ச நாளாகவே இரவில் தூக்கம் இல்லை. ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், தினமும் படுக்கப் போகுமுன் நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை எழுதினால் உடம்பும் மனமும் சீராகும், ஆயுளே கூடும் என்றார்கள். எழுதிப் பார்த்தேன். ‘கண் தெரிகிறது, கைகால் சுகமாக இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கிறது’ என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். எழுதி முடித்தால் எரிச்சல்தான் வருகிறது. கணவரிடம் ஒருநாள் நன்றி என்று சொன்னதற்கு, ‘என்ன, புதுசா இருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பல வருடம் ஆகிறது. சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணன், பட்டறை தொடங்கப் பணம் கொடுத்தவர். அம்மாவைச் சில மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், ‘பழசையெல்லாம் மறந்துட்டீங்களா?’ என்கிறார். நன்றி கெட்டவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறேன். இந்தப் பயிற்சியில் உண்மையிலேயே பயன் உண்டா? அல்லது என்னிடம்தான் குறையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில்தான் குறை இருக்கிறது. அதோடு, நீங்கள் எழுதும் நோட்டு, கணவரிடம் எதிர்பார்க்கும் நல்ல வார்த்தை, கணவரின் அண்ணன் நினைவுபடுத்தும் கடன் என்று தனித்தனியான மூன்று விஷயங்கள் நன்றி என்ற ஒரே பெயரில் உங்கள் மனதில் சிக்கிக் கிடக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதால் ஒவ்வொன்றாகவே எடுத்துப் பார்க்கிறேன்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். நன்றியுணர்வைப் பயிற்சியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சோதனை வைத்துப் பார்த்தவர்களில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் முன்னோடிகள். 2003இல் அவர்கள் வெளியிட்ட மூன்று சோதனைகளில் ஒன்று உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. அதில் கலந்துகொண்டவர்கள் நரம்பு, தசை தொடர்பான நீண்டகால நோயோடு வாழ்ந்த 65 பேர். அவர்களில் ஒரு பிரிவினர் 21 நாட்கள் நன்றிக்குரிய விஷயங்களை எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் தூங்கினார்கள். காலையில் தெளிவாக எழுந்ததாகவும் சொன்னார்கள். வாழ்க்கையில் அவர்களுடைய திருப்தி கூடியிருப்பது கூடவே இருந்த துணைவர்களுக்கும் தெரிந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. நோயோடு கழிகிற நாள் சற்று இலகுவானது. இந்தப் பயிற்சியிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவு அதுதான் என்பது என் கருத்து.

தூக்கத்துக்கும் நன்றிக்கும் உள்ள தொடர்பை 2009இல் அலெக்ஸ் வுட் என்பவரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். நன்றியுணர்வு மிகுந்தவர்கள் நன்றாகத் தூங்குவதற்குக் காரணம், படுத்த பிறகு அவர்கள் மனதில் ஓடும் எண்ணங்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. உங்களைப் போல நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் படுக்கையில் விழுகிற நேரம்தான் அன்றைக்குக் கிடைக்கும் முதல் ஓய்வு. அதுவரை ஒதுக்கி வைத்திருந்த எல்லாமும் அப்போதுதான் வரிசையாக வரும்: மாமியார் மதியம் சாப்பிட மறுத்தது, டயப்பர் இன்னும் எத்தனை இருக்கிறது, நாளைக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள், கணவர் பதில் சொல்லாமல் போனது. அந்த ஓட்டத்தில் உண்மையாகவே நடந்த ஒரு நல்ல காரியம் நினைவுக்கு வந்தால் மனம் கொஞ்சம் தணியும். ஆனால் நம்பிக்கையில்லாத ஐந்து வாக்கியங்களைக் கடமைக்கு எழுதினால், ‘இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை’ என்ற ஆறாவது கவலைதான் அதோடு சேரும். உங்களுக்கு வந்த எரிச்சலில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

ஆயுள் கூடும் என்று அவர்கள் சொன்னதற்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது சொல்வது வேறு. 2024இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு அது. சராசரியாக 79 வயதான 49,275 பெண்கள், செவிலியர்களாகப் பணியாற்றியவர்கள், 2016இல் தங்கள் நன்றியுணர்வு பற்றிய ஆறு கேள்விகளுக்குப் பதில் அளித்தார்கள். மதிப்பெண்ணில் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்கள், கீழ் மூன்றில் ஒரு பங்கினரைவிட, அடுத்த மூன்றாண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 9 சதவீதம் குறைவாக இருந்தது. உடல்நிலை, வருமானம், மனச்சோர்வு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. ஆனாலும் அவர்கள் யாரும் நோட்டு எழுதவில்லை. இயல்பிலேயே எப்படி இருந்தார்கள் என்பதுதான் அங்கே அளக்கப்பட்டது. ஆகவே எழுதினால் ஆயுள் கூடும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அப்படி உறுதி கொடுப்பவர்கள், களைத்துப்போன ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிறார்கள் என்பதால் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வரம்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 27 ஆய்வுகளை, மொத்தம் 3,675 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்து அலசிய ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நன்றிப் பயிற்சிகள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் காட்டிய பலன் சொற்பமே என்றும், அந்தப் பிரச்சினை உள்ளவர்கள் அதற்குரிய சிகிச்சையையே நாட வேண்டும் என்றும் முடிவுக்கு வந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் எந்த நோட்டும் ஈடு செய்யாது. மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

இனி உங்கள் நோட்டுக்கு வருவோம். தினமும் எழுதுவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆறு வாரம் நடத்திய ஒரு சோதனையில், வாரம் ஒரு முறை எழுதியவர்களின் மனநிறைவு கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அடிக்கடி எழுதும்போது அது உணர்விலிருந்து நழுவிப் பழக்கவேலையாகிவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நீங்கள் அனுபவித்ததும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மாமியார் உறங்கும் அரை மணி நேரத்தில் எழுதுங்கள்; படுக்கைக்குப் போகும் நேரத்தில் வேண்டாம்.

ஐந்து விஷயங்களும் வேண்டாம். அந்த வாரத்தில் யாரோ ஒருவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண் தெரிகிறது, கால் நடக்கிறது என்பவை பெரிய பேறுகள்தான். ஆனால் அவற்றில் நமக்கு எதிரே ஒரு முகம் இல்லாததால் மனம் சீக்கிரம் மரத்துப்போகிறது. யார் செய்தார், அது அவருக்கு எவ்வளவு சிரமம், செய்யாமல் இருந்திருக்கலாமா என்ற மூன்றும் தெரியும்போதுதான் நன்றி என்ற உணர்வு நெஞ்சில் பிறக்கிறது. ‘வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை’ என்று எழுதினால் எதுவும் நிகழாது. அதையே, ‘செவ்வாய்க்கிழமை விடிகாலை நல்ல தண்ணீர் வந்தபோது அவரே எழுந்து மாடி வரைக்கும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார். முந்தின இரவு பட்டறையை மூடி வரும்போதே பதினொரு மணி. என்னை எழுப்பவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். இது நானாகச் சொல்லும் ஓர் உதாரணம்தான். உங்கள் வீட்டில் நடப்பது வேறாக இருக்கலாம். உங்கள் வாக்கியமும் இந்த அளவுக்கு நாளும் ஆளும் செயலுமாக இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இப்படி எழுதத் தொடங்கும்போது, முதலில் வந்து விழும் பெயர்கள் பெரும்பாலும் குடும்பத்துக்கு வெளியே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்: ரேஷன் கடைக்குப் போய்வரும்வரை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டுப் பெண், டயப்பர் கட்டை மழையிலும் கொண்டுவந்து கொடுக்கும் மருந்துக்கடைப் பையன், பள்ளிக்குப் போகத் தாமதமாகும் நாளில் முதல் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சக ஆசிரியை. குற்ற உணர்வு வேண்டாம், அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பையன் வரும்போது ‘அன்னைக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தியே தம்பி, அந்த நேரத்துக்கு அது ரொம்ப உதவியா இருந்துச்சு’ என்று சொல்லியும் விடுங்கள். எழுதத் தோன்றாத வாரத்தில் பக்கம் காலியாகவே இருக்கட்டும். எதையாவது இட்டு நிரப்ப வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கணவரைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, அவர் உங்களை அலட்சியப்படுத்தினார் என்ற முடிவுக்கு உடனே வர எனக்கு மனம் இல்லை. வீட்டுக்குள் நன்றி சொல்லிக்கொள்ளாதது நம் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நினைக்கிறோம். 2018இல் ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிக்காரர்களின் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். உறவினரும் பழகியவர்களும் ஒருவருக்கொருவர் சிறு உதவி செய்துகொள்ளும் இடங்களில், அதிகமாக நன்றி சொல்லும் ஆங்கிலேயரும் இத்தாலியரும்கூட ஏறத்தாழ ஏழு தடவைக்கு ஒரு தடவைதான் சொன்னார்கள்; மற்றவர்கள் அதைவிட மிகக் குறைவு. நம்மவர்களுக்குள் உதவி செய்வது இயல்பு என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. அதனால் உங்கள் கணவரின் காதில் அந்தச் சொல் விழுந்தபோது, வெளியாளிடம் பேசுவதுபோல அவருக்குப் பட்டிருக்கலாம்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் தம்பதிகளை வைத்து நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் உளவியலாளர் சாரா அல்கோ, 2016இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்பவர் தமக்குக் கிடைத்த பலனை விவரிப்பதைவிட, உதவியவரின் குணத்தையும் முயற்சியையும் எடுத்துச் சொல்வதே உறவுக்கு வலுச்சேர்க்கிறது என்று கண்டார். ‘எனக்கு வேலை மிச்சமாச்சு’ என்பதற்கும், ‘அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது வலிக்காம எவ்வளவு பக்குவமா பிடிச்சீங்க, அந்தப் பக்குவம் எனக்கு வரலை’ என்பதற்கும் உள்ள தூரத்தை நீங்களே உணர்வீர்கள். நடந்த அன்றைக்கே, பிள்ளைகளோ மற்றவர்களோ இல்லாதபோது, ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவர் முகத்தில் பதிலைத் தேட வேண்டாம். உண்மையில் நடக்காத ஒன்றைப் பாராட்டவும் வேண்டாம். பொய்ப் பாராட்டை வீட்டில் இருப்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

இதையெல்லாம் நானே ஏன் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. கேட்டவர் நீங்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். ஒரு பக்கமாகவே இது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2015இல், மணமான 468 பேரிடம் பணநெருக்கடி, சண்டை, துணையின் பாராட்டு ஆகியவற்றைப் பற்றி விசாரித்தது. மணவாழ்வின் தரத்தோடு மிக உறுதியாகத் தொடர்புடையதாக இருந்தது, தன் துணை தன்னை மதித்து, செய்வதைக் கவனிக்கிறார் என்ற உணர்வு. ஒருவர் குறைசொல்லி மற்றவர் விலகிப் போகும் தம்பதிகளிடையிலும், இந்த உணர்வு இருந்த வீடுகளில் பாதிப்பு குறைவாக இருந்தது. உங்களுக்குக் கிடைக்காமல் இருப்பது இதுதான். அதனால் ஏங்குவதில் தவறே இல்லை.

ஆனால் பாராட்டைக் கேட்டு வாங்குவதைவிட வேலையைப் பகிர்ந்து வாங்குவது பயன்தரும். தினமும் தவறாமல் நடக்கிற வேலை கண்ணில் படாமல் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகளாக மாமியாரின் உடலைத் துடைத்து, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, உணவைப் பதமாகக் குழைத்து ஊட்டுவதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது, செய்து பார்க்காத ஒருவருக்குச் சொல்லித் தெரியாது. ‘ஞாயிற்றுக்கிழமை காலையில அம்மாவைக் குளிப்பாட்டி, உடை மாத்தி, சாப்பாடு ஊட்டுறது உங்க பொறுப்பு, அந்த நேரம் நான் வெளியே போய்ட்டு வருவேன்’ என்று நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். ‘நீங்கள் எதுவுமே செய்வதில்லை’ என்ற பொதுவான குற்றச்சாட்டு சண்டையில் முடியும். முதல் வாரம் அவர் தடுமாறுவார். பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். வேலை அவர் கைக்குப் போன பிறகே, அந்த வேலை செய்கிறவர் மீது மதிப்பு அவர் மனதில் வரும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அவர் உங்களைக் கடிந்துகொள்பவராக இருந்தால் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. அது அழுகையாக மட்டுமல்லாமல் எரிச்சலாகவும், சாப்பாட்டை மறுப்பதாகவும் வெளிப்படும். அதற்கு மருந்து உண்டு. இடப்பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுவதில்லை என்பதால், மருத்துவரிடம் அவரையே பேச வையுங்கள்.

கணவரின் அண்ணன் சொல்வதை நன்றி என்ற கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் கொடுத்த பணம் உதவி என்பதில் ஐயமில்லை. அதை நினைவில் வைத்திருப்பது உங்கள் குடும்பத்தின் கண்ணியம். ஆனால் அந்த உதவியைக் காட்டித் தன் தாயைப் பார்த்துக்கொள்ளும் கடமையிலிருந்து அவர் விலகும்போது, அங்கே கேட்கப்படுவது செஞ்சோற்றுக் கடன். கடன்பட்டவன் என்ற உணர்வு நன்றியைப் போலவே தோன்றினாலும் மனதில் அது செய்யும் வேலை நேர்மாறானது. 2013இல் அமெரிக்க மாணவர்களையும் தென்கொரிய மாணவர்களையும் நன்றிக் கடிதம் எழுத வைத்தபோது, அமெரிக்கர்களுக்குக் கிடைத்த அளவு மனநிறைவு கொரியர்களுக்குக் கிடைக்கவில்லை. பெற்ற உதவியை நினைக்கும்போது திருப்பிச் செய்யவில்லையே என்ற உறுத்தலும் சேர்ந்தே எழுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உதவியையும் கடமையையும் இறுகப் பின்னி வளர்க்கப்பட்ட நமக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

அதனால் இரண்டையும் ஒரே பேச்சில், ஆனால் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் மருமகளின் புகாராகிவிடும். ‘அண்ணே, நீங்க அன்னைக்குப் பணம் கொடுக்கலைன்னா இந்தப் பட்டறை இல்லை, அதை நான் எந்த இடத்துலயும் மறந்து பேசினதில்லை. அது நமக்குள்ள இருக்கிற கணக்கு, அதை எப்படித் தீர்க்கணும்னு சொல்லுங்க, தீர்க்கிறேன். அம்மா நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா. வருஷத்துல மூணு மாசம் அங்கே வச்சுக்குங்க, முடியாட்டி இங்கே ஆள் வைக்கிற செலவுல பாதியை ஏத்துக்குங்க.’ இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தப் பொறுப்பைப் பிள்ளைகள் எல்லோர் மீதும்தான் வைக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. கேட்பது நியாயம்தானா என்ற சந்தேகம் உங்கள் கணவருக்கு வந்தால், அது தீர்வதற்காகச் சொல்கிறேன். இப்படிப் பேசிய பிறகும் யாராவது உங்களை நன்றி கெட்டவள் என்று சொன்னால், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக உங்கள் சுமை குறைய வேண்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், 2021 முதல் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் ஆதரவு சிகிச்சையும் அளிக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரையும், தேவையானால் உங்கள் பெயரையும் பதிவு செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுகை வருவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, அதிகாலையில் விழித்துக்கொண்டு மறுபடி உறங்க முடியாமல் கிடப்பது ஆகியவை இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அடுத்த முறை ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது, தூக்கம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை முறை விழிக்கிறீர்கள், மாமியாருக்காக எழுந்தது எத்தனை, தானாக விழித்தது எத்தனை என்பதை ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த விவரத்தை வைத்துத்தான் உங்களுக்கு வேண்டியது ஓய்வா, மருந்தா என்பதை அவர் முடிவு செய்ய முடியும்.